எத்தனை குடும்பத்துக்கு ஒரு முற்றம்?

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய வரைபடத்தை நிதானமாகப் பார்த்தேன். இருநூறு குடும்பங்களுக்கான குடியிருப்பு. நடுவில் பெரிய பூங்கா, அதை ஒட்டி ஏ.சி. போட்ட சமுதாயக் கூடம். "மக்கள் பழகுவதற்காக" என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். கட்டடக் கலை முதலாண்டு மாணவி ஒருத்தி இதை யோசித்ததே எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பழகிய பிறகுதான் மக்கள் கூடத்துக்கு வருவார்கள். பழக்கம் அதற்கு முன்பே வாசலிலும் படிக்கட்டிலும் தொடங்கியிருக்க வேண்டும். உன் வரைபடத்தில் அந்த இரண்டையும் அவசரத்தில் முடித்திருக்கிறாய்.

அவை ஏன் முக்கியம் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிக்க வந்த மணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் குடியிருப்பு உருவானது. விரும்பிய வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது; எது காலியோ அதில்தான் குடியேற வேண்டும். அங்கே யாருக்கு யார் நண்பரானார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்கள் இருவரும் விசாரித்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். மாடிக் கட்டடங்களில் ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரரோடு நட்பு ஏற்பட்டது 41 சதவீதம். நான்கு கதவு தள்ளி இருந்தவரோடு வெறும் 10 சதவீதம். நடந்தால் அரை நிமிடம்கூட ஆகாத தூரம் அது! இன்னொன்றையும் கவனி: கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கலகலப்பானவர்கள் என்பதால் அல்ல. மாடிக்காரர்கள் தினமும் அவர்கள் கதவைக் கடந்து போனார்கள், அவ்வளவுதான்.

தெருவுக்கும் இதே கணக்குதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகர வடிவமைப்பாளர் ஒன்றுபோலத் தோற்றமளித்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வாகனங்கள் போன தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆகவே உன் குடியிருப்புக்குள் கார் போகும் பாதையை விளிம்போடு நிறுத்திவிடு.

அடுத்தது, ஓர் இடத்தைப் பகிரும் குடும்பங்களின் எண்ணிக்கை. உன் வரைபடத்தில் நான் கவலைப்படும் இடம் இதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1950களில் எழுந்த புரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு பற்றி வகுப்பில் கேட்டிருப்பாய்: பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். பராமரிக்கப் பணமில்லாதது, நகரமே தேய்ந்துபோனது, இனப் பாகுபாடு என்று அதன் அழிவுக்குப் பல காரணங்கள். கட்டடக் கலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனாலும் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே கண்டதை நாம் மறக்கக் கூடாது. இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட படிமேடைகள் சுத்தமாக இருந்தன. இருபது குடும்பங்கள் பகிர்ந்த நடைவழிகளும் நூற்றைம்பது குடும்பங்கள் பயன்படுத்திய லிஃப்டும் சீரழிந்து கிடந்தன. அதே மக்கள், அதே வறுமை. எத்தனை பேருக்கு உரியது என்பது மட்டும் வேறு.

பொது இடத்தைச் சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக்குவதைத் திட்டமிட்டே செய்து காட்டியவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் அவர் கட்டிய குடியிருப்பை நீ ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஏழு வீடுகள் சேர்ந்து எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம் ஒன்றைச் சூழ்ந்து நிற்கும். அப்படி மூன்று தொகுதிகள், அதாவது 21 வீடுகள், பன்னிரண்டு மீட்டர் முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் மூன்று சேர்ந்தால் இருபது மீட்டர் அளவில் இன்னும் பெரிய வெளி. தன் வீட்டு முற்றம், ஏழு வீட்டு முற்றம், 21 வீட்டு முற்றம் என்று ஒருவர் படிப்படியாக வெளியே வரலாம். மனம் சரியில்லாத அன்று படிப்படியாக உள்ளேயும் போய்விடலாம். அந்த இரண்டாவது வசதியும் முக்கியம், கயல். ஒதுங்க இடமில்லாத நெருக்கத்தில் சண்டைதான் வளரும். அங்கே அண்டை வீட்டோடு பொதுச் சுவரும் கிடையாது. அதனால் கையில் காசு சேரும்போது அவரவர் வீட்டைப் பெருக்கிக் கட்டிக்கொள்ள முடிந்தது. பல வீடுகள் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

நகரத்தில் எல்லோருக்கும் முற்றம் தர முடியாது, மாடிதான் கட்ட வேண்டும் என்பாய். சரி, அப்போது தரைத்தளத்தைப் பார். சென்னை அடுக்ககங்களில் அது பெரும்பாலும் ஸ்டில்ட் பார்க்கிங்: தூண்களும் கார்களும். குடியிருப்பவர் காரிலிருந்து இறங்கி, லிஃப்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொள்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மாதமாகப் படுக்கையில் இருப்பதுகூடத் தெரியாமல் போகிறது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளிலும் தூண்கள் உண்டு. 1970களிலிருந்து அந்தக் கீழ்த்தளத்தை அவர்கள் மனிதர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். மலாய்க் குடும்பத்தின் திருமணமும் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் நடப்பது அங்கேதான். முதியோர் சதுரங்கம் ஆடும் மேசை, பாலர் பள்ளி, தமிழர்கள் பலர் நடத்திவந்த ‘மாமா கடை’ என்ற சிறு பலசரக்குக் கடை எல்லாம் அங்கே உண்டு. லிஃப்டுக்குப் போகிற எவரும் அதைக் கடந்தே போக வேண்டும். தனியாக அழைப்பு வைக்கத் தேவையில்லை.

ஆகவே கூடத்தைச் சிறிதாக்கு. மிச்சமாகும் பணத்தில் ஒவ்வொரு படிக்கட்டையும் இரண்டு பேர் நின்று பேசும் அளவுக்கு அகலமாக்கி, வெளிச்சம் வரச் செய்து, ஏறி வரும் பாட்டி மூச்சு வாங்க உட்காரத் திண்டு ஒன்று வை. சமையலறைச் சன்னல் குழந்தைகள் விளையாடும் பக்கம் திறக்கட்டும். பிறகு, ஒவ்வொரு படிமேடையின் பக்கத்திலும் அதை எத்தனை குடும்பங்கள் பகிர்கின்றன என்று எண்ணை எழுது. அந்த எண் பத்தைத் தாண்டும் இடத்தையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி வரை. ஜூரி மதிப்பீட்டுக்கு முன்பு எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை