ரோலர் கோஸ்டர்: தலைகீழ்ப் பயணத்தின் கணக்கு

பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியிருப்பீர்கள். உச்சியிலிருந்து தொட்டில் கீழே இறங்கத் தொடங்கும்போது வயிற்றில் என்னவோ செய்கிறதல்லவா? அந்த ஒரு கணத்துக்காகவே நாடுவிட்டு நாடு செல்கிறவர்கள் உண்டு. அவர்கள்தான் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவர்களுக்கென ஒரு சங்கமே தோன்றியது.

மேடும் பள்ளமும் வளைவுமான தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயில்தான் ரோலர் கோஸ்டர். ஆனால், இந்த ரயிலுக்கு எஞ்சின் கிடையாது! ஒரு சங்கிலி, வண்டியை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் சென்று அங்கே விட்டுவிடும். அதன்பின் வண்டியை ஓட்டுவது புவியீர்ப்பு ஒன்றே. (தொடக்கத்திலேயே விசையுடன் உந்தித் தள்ளப்படும் வண்டிகளும் இன்று உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.)

முதல் மேட்டின் உச்சியில் வண்டி பெறும் நிலை ஆற்றல்தான் அதன் கைமுதல். இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அடுத்த மேட்டில் ஏறும்போது மீண்டும் நிலை ஆற்றலாகிறது. இடையில் உராய்வும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எனவேதான் பின்னால் வரும் எந்த மேடும் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கிறது.

பள்ளத்தில் வண்டியின் வேகம் என்ன? நீங்களே கணக்கிடலாம். இறங்கிய உயரத்தை 9.8-ஆல் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் காணுங்கள். வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். வண்டியின் நிறை இக்கணக்கில் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சீடார் பாயிண்ட் பூங்காவில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'மில்லேனியம் ஃபோர்ஸ்' ரசிகர்கள் பலருக்கு உயிர். அதன் முதல் இறக்கம் 91 மீட்டர். நம் கணக்குப்படி வேகம் வினாடிக்குச் சுமார் 42 மீட்டர், அதாவது மணிக்கு 152 கிலோமீட்டர். பூங்காவினர் சொல்லும் வேகம் சுமார் 150. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

இன்னொன்றையும் சோதிப்போம். நியூயார்க்கின் கோனி தீவில் 1927-இல் கட்டப்பட்ட 'சைக்ளோன்' ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அதன் பெரிய இறக்கம் 26 மீட்டர். வேகம் மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நம் கணக்கோ, உராய்வே இல்லையென்று கொண்டாலும், 81 கிலோமீட்டருக்கு மேல் தர மறுக்கிறது! விளம்பரத்தை நம்புவதா, ஆற்றல் அழியா விதியை நம்புவதா? நான் விதியின் பக்கம்.

வேகம் குறைந்தால் சைக்ளோனின் பெருமை குறைந்துவிடாது. சீரான வேகத்தை நம் உடல் உணர்வதேயில்லை. விமானத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவர் தூங்கிக்கொண்டே போகிறார். நாம் உணர்வது எடை மாறுவதைத்தான். வண்டி மேட்டின் முகட்டைக் கடந்து சட்டென்று கீழே வளையும்போது, உங்கள் உடல் முன்பு சென்ற திசையிலேயே செல்ல முயல்கிறது. இருக்கை உங்களைத் தாங்குவது குறைகிறது. எடை இழந்ததுபோல் எழும்புகிறீர்கள். ரசிகர்கள் தேடுவது இதைத்தான். முதல் இறக்கத்தில் இதை அதிகம் அனுபவிக்கக் கடைசிப் பெட்டிதான் ஏற்றது. ஏன்? முன்பெட்டிகள் ஏற்கெனவே இறங்கி வேகம் பிடித்த பிறகே கடைசிப் பெட்டி முகட்டைத் தாண்டுகிறது.

இனித் தலைகீழ் வளையத்துக்கு வருவோம். 1895-இல் அதே கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற வண்டி ஓடத் தொடங்கியது. சுமார் 7.5 மீட்டர் விட்டமுள்ள முழு வட்டத்தில் அது பயணிகளைத் தலைகீழாகச் சுற்றியது. யாரும் கீழே விழவில்லை. ஆனால் கழுத்து வலியோடு இறங்கினார்கள். சில ஆண்டுகளில் வண்டியும் நின்றுபோனது. தவறு எங்கே?

வட்டத்தின் உச்சியில் வண்டி விழாதிருக்க, வேகத்தின் வர்க்கம் குறைந்தது ஆரத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய அளவாவது இருக்கவேண்டும். இப்பெருக்கலை 'ஒரு பங்கு' என்று வைத்துக்கொள்வோம். உச்சிக்கும் அடிக்கும் உள்ள உயரம் இரண்டு ஆரம். அவ்வளவு இறங்கினால் வேகத்தின் வர்க்கம் 4 பங்கு கூடும். ஆக, அடியில் 5 பங்கு. இதை ஆரத்தால் வகுத்தால், மையம் நோக்கிய முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 5 மடங்கு. உங்கள் இயல்பான எடை ஒரு மடங்கு. மொத்தம் 6 மடங்கு!

தலையின் நிறை 4.5 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். அது அந்தக் கணத்தில் 27 கிலோகிராம்போல் கழுத்தை அழுத்தும். அரை மூட்டை சிமெண்டுக்கும் அதிகம்! சிறிய வட்டம், பெரிய வட்டம் எதுவானாலும் விடை ஆறுதான். ஆரம் கணக்கில் அடிபட்டுப் போகிறது. அதோடு, சமதளத்தில் ஒரு மடங்காக இருந்த எடை வட்டத்தினுள் நுழைந்த மாத்திரத்தில் ஆறு மடங்காகத் தாவுகிறது. கழுத்துக்குத் தயாராக நேரமே இல்லை.

1901-இல் எட்வின் பிரெஸ்காட் நீள்வட்ட வளையம் அமைத்துப் பார்த்தார். அது ஓரளவு மேல். ஆனாலும், வேடிக்கை பார்த்தவர்களே அதிகம், ஏறியவர்கள் குறைவு. பிறகு பல ஆண்டுகள் செங்குத்து வளையத்தை யாரும் நாடவில்லை. 1976-இல் கலிஃபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' என்ற வண்டியை அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் என்ற ஜெர்மானியர் கட்டினார். கணக்கிட்டவர் வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியாளர். இவர் வட்டத்தைக் கைவிட்டு, கண்ணீர்த்துளி போன்ற வடிவத்தைத் தேர்ந்தார். அடியில் ஆரம் பெரியது, உச்சியில் சிறியது. நேர்ச்சாலை மெல்ல மெல்ல வளைவாக மாறும் இடத்தில் நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் 'கிளோதாய்டு' என்னும் வளைகோடுதான் இது.

எளிய ஓர் உதாரணம். அடியின் ஆரம், உச்சியின் ஆரத்தைப்போல் இருமடங்கு என்று கொள்வோம். வளையத்தின் உயரம் உச்சி ஆரத்தைப்போல் மூன்று மடங்காகும். உச்சியில் ஒரு பங்கு, இறங்கியதில் 6 பங்கு, ஆக 7 பங்கு. இருமடங்கு ஆரத்தால் வகுத்தால் 3.5. அதோடு ஒன்றைக் கூட்டினால் 4.5 மடங்கு. ஆறு எங்கே, நாலரை எங்கே! கிளோதாய்டில் எடை படிப்படியாகக் கூடுவதால் கழுத்துக்கு அதிர்ச்சியும் இல்லை.

இதை வீட்டில் சோதிக்கலாம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயைப் பெரியவர் ஒருவரின் உதவியுடன் நீளவாக்கில் பிளந்து, ஓர் ஓடைபோல் ஆக்குங்கள். கீழே ஒரு வட்ட வளையம் வைத்து, மறுமுனையை நாற்காலியில் கட்டிவிட்டு, மேலிருந்து கோலிக்குண்டை உருட்டுங்கள். நம் கணக்குப்படி, வளையத்தின் விட்டத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு உயரத்திலிருந்து விட்டால் குண்டு விழாமல் சுற்றவேண்டும். ஆனால் விழுந்துவிடும்! எத்தனை மடங்கு உயரத்தில் விட்டால் விழாது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உராய்வு ஒரு காரணம். வண்டியைப்போல் அல்லாமல் குண்டு முழுவதுமே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடுகிறது. இன்னொரு காரணம் அதில்தான் இருக்கிறது. அது என்ன?