நட்டவர் பலர்; நீர் ஊற்றுபவர் யார்?

மழைக்காலம் வந்துவிட்டால் நம் ஊர்களில் மரம் நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. குழி தோண்டுகிறோம், கன்று நடுகிறோம், படமும் எடுத்துக் கொள்கிறோம். பங்குனியில் போய்ப் பார்த்தால் கன்றைக் காணோம்; சுற்றிக் கட்டிய வேலி மட்டும் நிற்கிறது! எல்லோருக்கும் சொந்தமான செடி என்றோம். கடைசியில் அது எவருக்கும் சொந்தமில்லாத செடியாகிக் காய்ந்து போயிற்று. இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதன், பறவை, கால்நடை எது உண்டாலும் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது இடம் பெற்றுள்ளது. நட்டவரின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆயினும், காய்ந்த கன்றிலிருந்து எந்தப் பறவை உண்ணும்? சிறிதாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதும் அவர்கள் கற்றுத் தந்ததல்லவா?

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட அவர்கள் தரவேண்டியிருந்த ஈட்டில் 300 பேரீச்ச மரங்களும் அடங்கும். தோழர்கள் 30, 20, 15, 10 என அவரவர் சக்திக்கேற்பக் கன்றுகள் கொண்டு வந்தனர். குழிகள் தோண்டப்பட்டன. நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே நட்டார்கள். ஒரு கன்றும் பட்டுப் போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். பலர் கூடிச் செய்த தொண்டு ஒரு மனிதரின் விடுதலைக்கு உதவிற்று!

நம் காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலத்தை, 2006 முதல் 'நிழல்' என்ற அமைப்பின் தொண்டர்கள் மரப்பூங்காவாக மாற்றினர். 2015-இல் பெருவெள்ளம், 2016-இல் வர்தா புயல் என்று அந்நகரின் மரங்களுக்குச் சோதனைகள் வந்தன. விழா முடிந்ததும் கலைந்து போகாமல் மீண்டும் மீண்டும் கூடி உழைத்ததே அவர்களின் சிறப்பு.

காரைக்குடி போன்ற நம் செட்டிநாட்டு ஊர்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. இது செம்மண்ணும் செம்பாறையும் கலந்த பூமி. மழையை நம்பி ஊருணி வெட்டியும், ஓட்டுக்கூரை நீரை முற்றத்தில் பிடித்தும் முன்னோர் வாழ்ந்த சீமை. ஐப்பசியில் நட்டால் மழை கைகொடுக்கும். பிறகு வரும் முதல் இரண்டு கோடைகளே கன்றுக்கு உயிர்ச் சோதனை. தூரைச் சுற்றிச் சருகு பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். வேம்பு, புங்கன், முருங்கை ஆகியவை இந்த வறட்சியைத் தாங்குபவை.

தண்ணீருக்கு எங்கே போவது என்கிறீர்களா? பள்ளிவாசலில் உளூச் செய்து வழியும் நீர் சாக்கடைக்குத்தானே போகிறது! அந்நீர் சுத்தமானது, அதைக் கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாதே தவிர, செடிக்குப் பாய்ச்சத் தடையில்லை. ஒருவர் 3 லிட்டர் செலவிட்டால், வேளைக்கு 40 பேர் வீதம் ஐந்து வேளைக்கு 600 லிட்டர் ஆகிறது. ஒரு சிறு தோட்டத்துக்கு இது போதாதா? இதைச் சாக்காக வைத்துக் குழாயைத் திறந்து விடுவதும் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூவை முடித்தவர்கள்.

இன்னும் சில ஒழுங்குகள் உண்டு. நிலம் வக்ஃபாயின் முதவல்லியிடமும் ஜமாஅத்திடமும் முதலில் அனுமதி பெற வேண்டும். காய்கனிகள் யாருக்கு என்பதை நடும் முன்பே பேசி முடிக்க வேண்டும். பிந்திப் பேசினால் மனத்தாங்கலே மிஞ்சும். எந்த நாளில் யார் நீர் ஊற்றுவது என்று முறை வைத்து, பெயரை எழுதிப் பலகையில் தொங்கவிட வேண்டும். வெளியூர் செல்பவர் தம் முறையை இன்னொருவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட பொறுப்பு அமானிதமன்றோ!

நடுவதற்கு ஒரு நாள் போதும். வளர்ப்பதற்கு ஆண்டுகள் வேண்டும். கூட்டத்தோடு நின்று கன்று நட்டவரை எல்லோரும் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் தனியே குடம் சுமந்து வருபவரை அல்லாஹ் பார்க்கிறான். அந்த இரண்டாமவராக நம்மை அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.