தங்கமீன் ஏன் வெளுத்தது?

ஹட்டனில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் வாப்பா வாங்கி வந்தபோது அது நல்ல செம்மஞ்சள். இந்த வருடம் வயிற்றுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுக்கத் தொடங்கியது. "நோய் பிடித்துவிட்டது, ஆற்றில் விட்டுவிடுவோம்" என்றார் உம்மா. தங்கை அழுதாள். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான். ஆகவே விளக்கம் தேடும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

நமது தோலுக்கு நிறம் தருவது முக்கியமாக மெலனின். மீன், தவளை, சலமந்தர் ஆகியவற்றின் தோலில் பல வகை நிறக்கலங்கள் உள்ளன. ஒருவகைக் கலத்தில் கறுப்பு மெலனின் இருக்கும். இன்னொன்றில் மஞ்சள், சிவப்பு நிறப்பொருள்கள் இருக்கும். மூன்றாவது வகையில் உள்ள நுண்ணிய பளிங்குகள் ஒளியைத் தெறிக்கச் செய்யும். வயதாகும்போது இக்கலங்களின் அளவும் எண்ணிக்கையும் மாறினால் உடலின் நிறமும் மாறும்.

தங்கமீன் குஞ்சு பொரிக்கும்போது தங்கநிறமாக இருப்பதில்லை. மங்கிய பழுப்பாகவே இருக்கும். சில மாதங்களில் கறுப்புக் கலங்கள் அழிய, அடியிலுள்ள செம்மஞ்சள் வெளிப்படுகிறது. சில மீன்களில் பின்னர் அந்தச் செம்மஞ்சளும் குறைந்து வெண்மை மிஞ்சுகிறது. மீன்கள் மஞ்சள், சிவப்பு நிறத்துக்கு வேண்டிய கரோட்டினொயிட்டுகளைத் தாமே ஆக்குவதில்லை, உணவிலிருந்தே பெறுகின்றன. எனவே உணவும் நிறத்தைப் பாதிக்கும்.

மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகளுக்குரிய அக்சலோட்டலும் இப்படித்தான். அது வாழ்நாள் முழுவதும் வெளிப்பூக்களோடு நீரிலேயே வாழும் சலமந்தர். அதன் வெண்ணிற வகையில், முளையப் பருவத்தில் நிறக்கலங்கள் முதுகிலிருந்து உடலெங்கும் பரவுவதில்லை. எனினும் வளர வளரத் தலையிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் தோன்றலாம். மெலனின் இல்லாத பொன்னிற வகையோ, குட்டியில் வெளுப்பாக இருந்து வயதோடு மஞ்சளாகும். அதற்கு ஏற்றது 16–18 பாகை செல்சியஸ் நீர். நம் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையும் ஏறக்குறைய 16 பாகைதான்!

எப்போது கவலைப்பட வேண்டும்? மாற்றம் மெதுவாக நடந்து, மீன் நன்றாக உண்டு நீந்தினால் பயமில்லை. ஓரிரு நாளில் நிறம் மாறினால், மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தால், உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றினால் உடனே நீரைக் கவனியுங்கள். கழிவிலிருந்து சேரும் அமோனியா தோலைப் புண்ணாக்கும். அப்புண் ஆறும்போது கருந்திட்டு விழுவதும் உண்டு. மாதத்தின் முதல் நாளில், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்றத்தின் வேகம் தெரிந்துவிடும்.

ஆற்றில் மட்டும் விடவேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த ட்ரவுட் மீன், ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த உயிரைத் திரும்ப எடுப்பது கடினம். வேறெங்கும் இல்லாத தவளைகளும் மீன்களும் வாழும் நாடு இது.

எங்கள் மீன் இப்போது முழு வெள்ளை. தங்கை அதற்கு முத்து என்று பெயர் மாற்றிவிட்டாள். காலையில் முதலில் உணவு போடுவது உம்மாதான்.