பாறையும் பணியும்

நுழையும்முன்

வயிற்றுக்கு ஒரு தொழில், மனத்திற்கு ஒரு கலை என இரண்டையும் ஒருங்கே பேணுவோர் பலர். அக்கலை உயிரையே பணயமாகக் கேட்பதாக இருந்தால்? வாரம் முழுவதும் கூலிக்கு உழைத்து, ஓய்வுநாளில் பாறையேறிய கட்டடத் தொழிலாளி ஒருவரை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

ஏறுவோர் இருவகை

நாகர்கோவிலின் வடபகுதியாகிய வடசேரியில் நின்று நோக்குவோருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி புலப்படும். கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியிலோ மருந்துவாழ்மலை தனித்து நிற்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவே நாஞ்சில் நாட்டு வயல்களும், அவற்றின் வரப்புகளில் பனைகளும் உள்ளன. ஏறுதல் என்னும் செயல் இம்மண்ணுக்குப் புதிதன்று. காலில் தளைநார் பூட்டி, இடையில் அரிவாள் செருகி, நாள்தோறும் பல பனைகளில் ஏறியிறங்கும் தொழிலாளர்கள் குமரி மாவட்டத்தில் பல்லாயிரவராக இருந்தனர். மக்கள் ‘அக்கானி’ என வழங்கும் பதநீரே அவர்தம் குடும்பத்தைக் காத்தது. அவர்களுக்கு ஏற்றம் விளையாட்டன்று; பிழைப்பு.

பாறையேற்றம் இதற்கு நேர்மாறானது. ஏறுவதால் ஒரு காசும் வாராது. மாறாக, கைப்பொருள் செலவாகும். ஆதலால், தொடக்கக் காலத்தில் ஐரோப்பாவில் இதனை மேற்கொண்டோர் பெரும்பாலும் செல்வரும் உயர்கல்வி கற்றோருமாக இருந்தனர். அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஜோ பிரௌன்.

கொடிக்கயிற்றில் தொடக்கம்

ஜோ பிரௌன் 1930ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் ஆர்ட்விக் பகுதியில் பிறந்தார். உடன்பிறந்தோர் அறுவர், இவரே கடைக்குட்டி. பிறந்த சில மாதங்களிலேயே தந்தையை இழந்தார். தாய், பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பிரௌன், கட்டடப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

நகரத்தை அடுத்த டெர்பிசயர் பகுதியில் ஸ்டேனேஜ் போன்ற பாறை விளிம்புகள் உள்ளன. பருமணல் இறுகி உருவான கல் அது; உயரம் மிகுதியில்லை; ஆனால், தோலை உரிக்கும் சொரசொரப்புடையது. தாய் கழித்துப்போட்ட துணி உலர்த்தும் கயிற்றையே ஏறுகயிறாகக் கொண்டு இளைஞர் பிரௌன் பாறைகளை நாடினார். அக்கயிறு ஓர் ஆளின் வீழ்ச்சியைத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. நல்வாய்ப்பாக அதனைச் சோதிக்க நேரவில்லை.

பாறையின் பிளவுக்குள் கையை நுழைத்து, பெருவிரலை உள்ளங்கையில் மடக்கினால் கை உப்பிப் பிளவில் இறுகும். அப்பிடியில் உடலின் எடை முழுவதையும் தொங்கவிடலாம். இம்முறையில் பிரௌனுக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை எனலாம். கல்லும் காரையும் சுமந்து உரமேறிய கைகள் இதற்கு உதவியிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. நாளெல்லாம் கல்லைத் தொட்டவருக்குக் கல்லின் இயல்பு தெரியாமலிருக்குமா?

வார இறுதியின் வீரர்கள்

1951இல் மான்செஸ்டரில் ‘ராக் அண்டு ஐஸ்’ என்னும் குழு உருவானது. உறுப்பினர் பெரும்பாலோர் தொழிலாளர். பிரௌனின் இணையராக விளங்கிய டான் வில்லன்ஸ் குழாய் பொருத்துபவர். வாரநாள்களில் பணி, வார இறுதியில் வேல்ஸ் நாட்டு மலைகள், திங்களன்று மீண்டும் பணி. மழை வந்தால் ஒரு வாரக் காத்திருப்பு வீணாகும். விரலொன்று முறிந்தால் அவ்வாரக் கூலியும் போகும். பாறையில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் இக்கணக்கு இருந்தது. மாதக்கணக்கில் மலையில் தங்கும் செல்வருக்கு இல்லாத நெருக்கடி இது.

வேல்ஸின் லான்பெரிஸ் கணவாயில், திறந்துவைத்த நூலைப் போல இரு சுவர்கள் சேரும் செங்குத்து மூலை ஒன்றுண்டு. ‘செனோடாஃப் கார்னர்’ என்பது அதன் பெயர். பிரௌன் முதன்முறை முயன்றபோது, அவர் கையிலிருந்து நழுவிய சுத்தியல், கீழே கயிறு பிடித்திருந்த நண்பரின் தலையில் விழுந்தது. ஏற்றம் கைவிடப்பட்டது. 1952இல் அவர் அதனை ஏறி முடித்தார். இன்றளவும் பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஏறுவழிகளுள் அது ஒன்று.

தெரியுமா?

பாறைக்கு ஊறு செய்யும் இரும்பு முளைகளை அறைவதை அக்கால ஆங்கிலேய ஏறுநர் பெரிதும் தவிர்த்தனர். மாறாக, பிளவுகளில் கூழாங்கற்களைச் செருகி, அவற்றைச் சுற்றிக் கயிற்று வளையம் இட்டனர். பின்னர், தண்டவாளப் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, உட்புரிகளைத் தேய்த்தெடுத்துப் பயன்படுத்தலாயினர். இன்று கடைகளில் விற்கும் உலோக ஆப்புகளுக்கும் ‘நட்டு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஐந்தடி தாழ்வில்

உலகின் மூன்றாம் உயர்ந்த சிகரமாகிய கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுடையது. 1955இல் அறுவை மருத்துவர் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் சென்ற குழுவில் பிரௌனுக்கு இடம் கிடைத்தது. கூலித் தொழிலாளி ஒருவர் இத்தகைய பயணத்திற்கு அழைக்கப்பட்டது அன்று வியப்புக்குரிய செய்தி.

மே 25ஆம் நாள் பிரௌனும் ஜார்ஜ் பேண்டும் உச்சியை நெருங்கினர். பொழுது சாயத் தொடங்கியது; உயிர்வளியும் குறைந்துவந்தது. குறுக்கே ஏறத்தாழ இருபதடி உயரப் பாறைச்சுவர் நின்றது. அதில் செங்குத்தான பிளவுகள் இருந்தன. பிரௌன் உயிர்வளியைக் கூட்டிவைத்து, ஸ்டேனேஜில் பழகிய அதே முறையில் கையைப் பிளவில் இறுக்கி ஏறினார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி எட்டாயிரம் மீட்டருக்கு மேலே கைகொடுத்தது!

சுவரைக் கடந்ததும், ஐந்தடியே உயர்ந்த பனிக்கூம்பு சில அடி தொலைவில் தெரிந்தது. அதுவே உச்சி. இருவரும் அதில் கால் வைக்கவில்லை. அம்மலையைப் புனிதமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்காக, உச்சியை மிதிப்பதில்லை என எவன்ஸ் வாக்களித்திருந்தார். மறுநாள் சென்ற இருவரும் அவ்வாக்கைக் காத்தனர்.

பணியைத் துறக்காத வழி

தமிழகத்திலும் இத்தகையோர் உளர். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்; தாய். 2023 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அவருடைய பயணத்திற்குத் தமிழ்நாடு அரசின் நிதியுதவியும் துணைநின்றது. பிரௌன் காலத்துத் தொழிலாளிக்கு வார இறுதி மட்டுமே சொந்தமாக இருந்தது.

1956இல் காரகோரம் மலைத்தொடரின் முஸ்தாக் கோபுரத்தையும் பிரௌன் வென்றார். பின்னர், டெர்பிசயரிலுள்ள வெளிப்புறப் பயிற்சி நிலையம் ஒன்றில் மாணவர்க்குப் பாறையேற்றம் கற்பிக்கும் பணி ஏற்றார். 1966இல் லான்பெரிஸில் ஏறுகருவிகள் விற்கும் கடையைத் திறந்தார். பிழைப்பும் பாறையும் ஒரே ஊரில் அமைந்தன. முதுமையிலும் அவர் ஏறுவதை விடவில்லை. 2020 ஏப்ரல் 15 அன்று அவ்வூரிலேயே காலமானார்.