பழங்காசும் அது கிடைத்த இடமும்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

முன்னுரை

பொற்காசு என்றால் எல்லோர் கண்ணும் விரியும். களிம்பேறிய செப்புக்காசைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் பொன் பெரும்பாலும் பெட்டியில் உறங்கியது. செம்புதான் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் கை மாறியது. எளிய மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் செப்புக்காசைத்தான் தேடவேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்கு இச்செய்தி மிக நெருங்கியது. இராசேந்திர சோழன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. சுமார் 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராக விளங்கிய ஊர் அது.

செம்பா, வெண்கலமா?

செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பழங்காசுகள் பலவற்றையும் 'வெண்கலக் காசு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சோழர் காலத்துத் தெய்வத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்ற வெண்கலங்கள்; ஆனால் அக்காலத்துச் சிறு காசுகள் செம்பால் ஆனவை. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் கிடைத்துள்ள பிற்கால உரோமானியச் சிறு காசுகளையே வெண்கலக் காசுகள் என்று சொல்வது பொருந்தும்.

இராசராசன் காசு

தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் பழங்காசுகளுள் ஒன்று முதலாம் இராசராசனின் (985–1014) செப்புக்காசு. ஒரு புறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ' என்று பொறித்திருக்கும். எழுத்துத் தேய்ந்து போனாலும், நிற்பதும் அமர்வதுமான இந்த அமைப்பைக் கொண்டே காசை அடையாளம் காணலாம்.

இராசராசன் படை இலங்கையின் வடபகுதியை வென்றதால் இக்காசு அங்கும் பரவியது. சோழர் ஆட்சி அங்கு முடிந்த பின்னும் காசின் அமைப்பு மறையவில்லை. முதலாம் பராக்கிரமபாகு முதலிய சிங்கள மன்னர்கள் அதே வடிவத்தில் தம் பெயரைப் பொறித்தனர். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட லீலாவதி என்னும் அரசியும் 'ஸ்ரீராஜலீலாவதி' என்று தன் பெயரில் காசு வெளியிட்டாள். ஒரு பெண்ணின் பெயர் தாங்கி எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் காசுகள் புழங்கின என்று படிக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது அல்லவா?

கண்காட்சியில் எழுந்த கேள்வி

நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு வரலாற்று ஆசிரியையான சிஸ்டர் எங்களை அழைத்துச் சென்றார். ஒரு மேசையின் மீதிருந்த தட்டில் பச்சையும் கறுப்புமாகச் செப்புக்காசுகள் குவிந்து கிடந்தன. அவற்றுள் நிற்கும் உருவத்தைக் கண்டதும் எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

"ஐயா, இவை எந்த ஊரில் கிடைத்தவை?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் தெரியாதம்மா. பல கை மாறி வந்தது" என்றார் விற்பனையாளர்.

சிஸ்டர் எங்களைப் பார்த்து, "காரையில் கிடைக்கும் கல்லுயிரிகளை நினைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அவர் கூறியதன் பொருள் எங்களுக்கு உடனே விளங்கியது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மண்ணடுக்குகளுக்குள் சுருள் வடிவ அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சான்று. அதே கல்லை எடுத்துச் சென்று ஒரு வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் அழகுப் பொருள். எந்த அடுக்கில் இருந்தது, அதனுடன் வேறு என்ன இருந்தது என்ற செய்திகள் மறைந்துவிடும். காசும் அப்படியே.

இடம் சொல்லும் செய்தி

கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறையினர் 1980-களிலும், பின்னர் 2021 முதலும் அகழாய்வு செய்தனர். அரண்மனையின் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. இத்தகைய இடத்தில் ஒரு தளத்தின் அடியில் இராசராசன் காசு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தளத்தைப் பின்னர் யாரும் தோண்டியதற்கான அடையாளம் இல்லையெனில், 985-க்கு முன் அத்தளம் போடப்பட்டிருக்க முடியாது என்று துணிந்து கூறலாம். அவ்வாறு ஒரு சிறு காசு ஒரு கட்டடத்தின் வயதையே சொல்லிவிடுகிறது. தட்டில் கிடக்கும் காசு அதைச் சொல்ல இயலாது.

அதற்காக, சேகரிப்பவர்களால் பயனே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தாம் சேகரித்த காசுகளிடையே 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பொறித்த சதுரமான பாண்டியர் செப்புக்காசை 1980-களில் அடையாளம் கண்டு வெளியிட்டார். சங்க காலத் தமிழ் மன்னர்களும் தம் பெயரில் காசு அடித்தனர் என்பதற்கு அது உறுதியான சான்றாயிற்று. எழுத்து இருந்ததால் அக்காசு பேசியது. எழுத்து அழிந்த எண்ணற்ற காசுகளுக்கோ கிடைத்த இடம் ஒன்றே வாய்.

நாம் செய்ய வேண்டியவை

நம் ஊர்களில் உழும்போதும், கடைக்கால் தோண்டும்போதும் காசு வெளிப்படலாம். அப்போது பின்வருவனவற்றை நினைவில் கொள்வோம்.

1. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கக் கூடாது. வீட்டுச் செப்புக்குடம் பளபளக்கும். காசிலோ களிம்புடன் எழுத்தும் போய்விடும். துப்புரவு செய்வது வேதியியல் அறிந்த வல்லுநர் வேலை.

2. கிடைத்த இடம், ஆழம், உடன் கிடந்த பானையோடு, செங்கல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. ஆசிரியர் அல்லது கிராம நிர்வாக அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கண்டெடுத்தவருக்குரிய பங்கையும் அச்சட்டமே வகுத்துள்ளது. ஆகவே அஞ்சி மறைக்கத் தேவையில்லை.

முடிவுரை

அரசர்களின் போர்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அந்நாளில் சந்தைக்குச் சென்ற தாய்மாரின் முந்தானையில் முடிந்திருந்த காசைப் பற்றிக் கூற, அந்தக் காசைத் தவிர வேறு சாட்சி அரிது. அச்சாட்சியை அதன் இடத்திலிருந்து பிரித்து ஊமையாக்கிவிடாமல் காப்பது இம்மண்ணில் பிறந்த நம் கடமை. தோழியரே, அடுத்த முறை ஒரு பழங்காசைக் காணும்போது "விலை என்ன?" என்பதற்கு முன் "எங்கே கிடைத்தது?" என்று கேட்போமாக!