முத்திரையோடு எண்ணையும் பாருங்கள்

கேள்வி: வேதாரண்யத்தில் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். தீயணைப்புக் குழாய்க்கு வாங்கும் வால்வில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதுமா?

பதில்: போதாது. முத்திரைக்கு மேலுள்ள தர எண்ணையும் பாருங்கள். தீயணைப்பு ஹோஸ் மாட்டும் லேண்டிங் வால்வுக்கு ஐ.எஸ். 5290, பாதையை மூடித் திறக்கும் ஸ்லூஸ் வால்வுக்கு ஐ.எஸ். 14846. முத்திரைக்குக் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, இப்போதும் செல்லுமா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அகஸ்தியம்பள்ளி உப்பளக் காற்று இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். லேண்டிங் வால்வைக் கன்மெட்டலிலோ துருப்பிடிக்காத எஃகிலோ வாங்குங்கள். மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. விலை குறைகிறதே என்று முத்திரையில்லாத வால்வை வாங்கிவிடாதீர்கள்.