ஊட்டச்சத்து அறிவியலும் தொழில் புத்தாக்கமும் சேர்த்துப் படிக்கலாமா? பிளஸ் டூ மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எந்த டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் நுழைந்தாலும் சத்துமாவு, சிறுதானிய நூடுல்ஸ், புரோட்டீன் பவுடர் என்று ஒரு வரிசையே நிற்கிறது. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாக்கெட்டுகளில் எழுதியிருப்பது உண்மையா, அந்த விலைக்கு அது தகுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. சத்து தெரிந்தவருக்குக் கணக்கு தெரிவதில்லை. கணக்கு தெரிந்தவருக்குச் சத்து தெரிவதில்லை. லேபிளில் என்ன எழுதலாம் என்பதையும் அடக்கவிலை என்ன என்பதையும் ஒரே ஆள் அறிந்திருந்தால், வாங்குபவர் ஏமாற மாட்டார். விற்பவரும் நஷ்டப்பட மாட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

படி 1: எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊட்டச்சத்துப் படிப்பு என்றால் சமையல் வகுப்பு என்று நினைத்துச் சேருபவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறிப்போகிறார்கள். உயிர்வேதியியல், உடலியங்கியல், உணவு நுண்ணுயிரியல், உணவுப் பகுப்பாய்வு, மருத்துவ உணவுமுறை, சமுதாய ஊட்டச்சத்து ஆகியவையே இதன் தூண்கள். பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் படித்தவர்களுக்கு இது எளிதாக இருக்கும். மனையியல் படித்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன.

தொழில் புத்தாக்கம் என்பது புதுப் பொருள் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. யாருக்கு என்ன குறை என்று கேட்டறிவது, சின்ன அளவில் செய்து பார்ப்பது, அடக்கவிலை போடுவது, கடைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது, கிடைத்த புகார்களை வைத்து மாற்றுவது என எல்லாம் அதற்குள் வரும்.

படி 2: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, ஒரே நேரத்தில் இரண்டு பட்டம். 2022 முதல் யுஜிசி இதை அனுமதிக்கிறது. ஊட்டச்சத்தில் பி.எஸ்சி.யைக் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டே, பி.பி.ஏ.வை இக்னோ போன்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் முடிக்கலாம். இதை மாற்றிச் செய்ய முடியாது. ஊட்டச்சத்து, உணவுமுறைப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025 கல்வியாண்டு முதல் யுஜிசி நிறுத்திவிட்டது. அப்படி யாராவது இடம் தருவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது வழி, ஒன்றன்பின் ஒன்று. முதலில் ஊட்டச்சத்தில் இளநிலை, பிறகு எம்.பி.ஏ. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக எம்.பி.ஏ. உணவுத் தொழிலுக்கு நெருக்கமானது. காலம் கூடுதலாக ஆகும். ஆனால் ஒவ்வொன்றையும் ஆழமாகப் படிக்கலாம்.

மூன்றாவது வழி, ஒரே பட்டத்துக்குள் இரண்டும். ஊட்டச்சத்தை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு விருப்பப் பாடங்களில் கணக்கியலும் சந்தைப்படுத்தலும் எடுக்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் கல்வித் தளத்தில் தொழில்முனைவு பற்றிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரெடிட் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று கல்லூரியில் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுச் சூழலும் உடல்நலமும் இடம்கொடுத்தால் மட்டும் முதல் வழி. ஆய்வகப் பதிவேடும் தொலைநிலைத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வழியே போதும் என்பது என் கருத்து.

படி 3: கல்லூரியில் நேரில் போய்க் கேளுங்கள்

கோவை அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம் இத்துறையில் நாட்டுக்கே முன்னோடி. அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்தை மக்கள் பணியாகப் பார்த்தவர். மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியிலும் உணவு, ஊட்டச்சத்துப் பட்டம் இருக்கிறது. சென்னையிலும் பிற மாவட்டங்களிலும் பல கலை அறிவியல் கல்லூரிகள் இப்படிப்பை நடத்துகின்றன. எங்கே போனாலும் இவற்றைக் கேளுங்கள்:

- உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாணவர்களே கருவிகளைக் கையாள்கிறார்களா?
- மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில்?
- தொழில் வளர்ப்பகம் இருக்கிறதா? அதில் ஊட்டச்சத்துத் துறை மாணவர்கள் யாராவது இருக்கிறார்களா?
- டயட்டீஷியனாகப் பதிவுசெய்ய இந்தப் பட்டம் செல்லுமா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. ஊட்டச்சத்தும் உணவுமுறையும் அதற்குள் அடங்கும். மருத்துவமனை வேலைதான் இலக்கு என்றால், அந்த ஆணையத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் படிப்பில் சேருவதே பாதுகாப்பு.

படி 4: ஆண்டு வாரியாகத் திட்டமிடுங்கள்

முதலாம் ஆண்டு: அறிவியல் அடித்தளம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 528 உணவுகளின் சத்து விவரம் அதில் இருக்கிறது. கூடவே எக்செல்லும் அடிப்படைக் கணக்கியலும் பழகுங்கள்.

இரண்டாம் ஆண்டு: மக்களிடம் போங்கள். ஒரு அங்கன்வாடி, ஒரு ஹாஸ்டல் மெஸ், ஒரு முதியோர் இல்லம் என மூன்று இடங்களில் என்ன சாப்பிடுகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று குறிப்பெடுங்கள். தட்டில் மிஞ்சுவதைப் பார்த்தால் தேவை எங்கே இருக்கிறதென்று தெரியும்.

மூன்றாம் ஆண்டு: ஒரே ஒரு பொருளைச் செய்து, விற்று, கருத்துக் கேட்டு, திருத்துங்கள். அதையே புராஜெக்ட் ஆக்குங்கள்.

படி 5: ஒரு பாக்கெட் சத்துமாவைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு படிப்பும் எங்கே சேருகின்றன என்று இந்தப் பயிற்சியில் கண்கூடாகத் தெரியும்.

முதலில் சத்து. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மாவில் பாதி கேழ்வரகு என்றால், ஒரு வேளைக் கஞ்சிக்கு எடுக்கும் 30 கிராம் மாவில் கேழ்வரகு வழியாக வருவது 55 மில்லிகிராம்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். கஞ்சியில் 200 மில்லி பால் ஊற்றினால் அதிலிருந்தே 240 மில்லிகிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். ஆக, பாக்கெட்டில் 'கால்சியம் நிறைந்தது' என்று எழுதும் முன் அந்தப் பெருமை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து செய்முறை. தானியத்தை முளைகட்டினால், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து, இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். ஆனால் சரியாக உலர்த்தாமல் அரைத்தால் பூஞ்சை பிடிக்கும். முளைகட்டக் கூடுதல் நாளும் கூலியும் ஆகும். அதைச் செய்வதா என்பது ஆய்வகமும் கணக்குப் புத்தகமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

இனி கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான், வரியைச் சேர்க்கவில்லை. மூலப்பொருள் கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வறுத்து, அரைத்து, சலிக்கும்போது 15 சதவீதம் கழிந்தால், அரைக் கிலோ மாவுக்கான மூலப்பொருள் செலவு 45 அல்ல, 53 ரூபாய். அரைவையும் கூலியும் 15, பாக்கெட்டும் ஸ்டிக்கரும் 9, ஆய்வகப் பரிசோதனைப் பங்கு 3, போக்குவரத்து 5. மொத்தம் 85. எம்.ஆர்.பி. 120 ரூபாய் போட்டு, கடைக்காரருக்கு 25 சதவீத மார்ஜின் கொடுத்தால் கைக்கு வருவது 90. பாக்கெட்டுக்கு 5 ரூபாய் லாபம்.

இருபது பாக்கெட்டில் ஒன்று காலாவதியாகித் திரும்பி வந்தால்? பத்தொன்பதில் கிடைத்த 95 ரூபாயில் 85 போய்விடும். இருபது பாக்கெட்டுக்கு மிஞ்சுவது பத்தே ரூபாய். அப்போது ஈரப்பதம் அளக்கும் ஆய்வக வகுப்பு எவ்வளவு பெறுமானமுள்ளது என்று புரியும். நன்றாக உலர்ந்த மாவு நாள்பட நிற்கும், திரும்பி வருவது குறையும், லாபமும் நிற்கும்.

படி 6: சட்டத்தை முதலிலேயே படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006-இன்படி, வீட்டில் செய்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும், தொழில் வளர்ந்தால் உரிமம் எடுக்க வேண்டும். லேபிளில் அந்தப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண், சேர்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில், நூறு கிராமுக்கான சத்து விவரம், சைவக் குறி, தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். நிலக்கடலை, முந்திரி, கோதுமை போன்றவை இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயம். சத்துமாவில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

விளம்பர வாசகத்துக்கும் அளவுகோல் உண்டு. திட உணவில் நூறு கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்தாவது இருந்தால் 'நார்ச்சத்து நிறைந்தது' என்று எழுதலாம். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று எந்த உணவுப் பாக்கெட்டிலும் எழுத முடியாது. அப்படி எழுதச் சொல்லும் முதலாளியிடம் காரணத்தோடு மறுப்பதற்குத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

படி 7: உதவி கிடைக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் உணவு பதப்படுத்தலுக்கான மத்திய அரசு நிறுவனம்; பரிசோதனைக்கூடமும் தொழில் வளர்ப்பகமும் அங்கே உண்டு. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. தொழில்நுட்பங்களை உரிமம் கொடுத்து வழங்குகிறது. சென்னை கிண்டியில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் 'நீட்ஸ்' மானியத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் அப்போதைய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படித்து முடித்தால் என்ன வேலை?

சொந்தத் தொழில் ஒரு வழி மட்டுமே. உணவு நிறுவனங்களின் புதிய தயாரிப்புப் பிரிவு, தரக் கட்டுப்பாடு, மருத்துவமனை உணவுச் சேவை, தொழிற்சாலை கேன்டீன் நிர்வாகம் ஆகியவற்றிலும் இந்த இரட்டைப் படிப்புக்கு இடமுண்டு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் நடக்கும் மாநிலம் இது. ஒரு குழந்தைக்கான செலவை ஏற்றாமல் தட்டில் புரதத்தை எப்படிக் கூட்டுவது என்று சிந்திப்பவர்களுக்கு இங்கே வேலை தீராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இது பெண் பிள்ளைகளுக்கான படிப்பு என்று மகனைத் தடுக்காதீர்கள், தொழில் நமக்கு எதற்கு என்று மகளையும் தடுக்காதீர்கள்.

இந்த வாரமே தொடங்க விரும்பினால், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு உணவுப் பாக்கெட்டை எடுத்து ஐந்தாம் படியில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். சத்துக் கணக்கும் விலைக் கணக்கும் இரண்டுமே உங்களை ஈர்த்தால், தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஒன்று மட்டும் ஈர்த்தால் அதை மட்டும் நன்றாகப் படியுங்கள். மற்றதில் தேர்ந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.